பெயருள்ள மரங்களுக்குத் தண்ணீர் குறைத்தபோது

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மண் போல இருக்கும். எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோன ஆள் நான். மகள் திருத்தித் தருவதாகச் சொன்னாள். அவள் திருத்தினால் அது அவளுடைய பேச்சாக மாறிவிடும் என்று பயந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாசிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போங்கள்.

முதுகு வலி வருத்தத்தால் நான் வேலையை விட்ட அன்று, தோட்டங்களுக்குத் தண்ணீர் விடப் படித்து வந்த பிள்ளைகள் நீங்களெல்லாம் சேர்ந்து சாப்பாடு போட்டீர்கள். "ரெண்டு வார்த்தை கதைங்க காக்கா" என்று மூத்த அண்ணனைக் கேட்பது போலக் கேட்டீர்கள். எழும்பி நின்றேன். புரியாணி நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். நீங்கள் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். நாலு பேருக்கு முன்னால் எனக்கு நாக்கு எழும்பாது. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

குழாய் எப்படிப் போடுவது, சொட்டு நீர் எவ்வளவு விடுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மரமுந்திரிகைக்கு எந்தக் காலத்தில் தண்ணீரைக் குறைக்கலாம், எந்தக் காலத்தில் குறைக்கவே கூடாது என்று வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். குறைக்க வேண்டிய நாளில் உங்களுக்கு முன்னால் ஆட்கள் வந்து நிற்பார்கள். அவர்களைப் பற்றி வகுப்பில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கல்முனைக்குத் தெற்கே, கடலுக்கும் பெரிய வீதிக்கும் இடையில் இருந்த தோட்டம் உங்களில் சிலருக்குத் தெரியும். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு, ஒரு குடும்பம் அந்த மணல் காணியைப் பள்ளிவாசலுக்குத் தர்மமாக எழுதிக் கொடுத்து வக்பு செய்தது. ஆட்களை இழந்தவர்கள் ஆளுக்கு ஒரு ஒட்டு மரமுந்திரிகைக் கன்றை மௌத்தானவர்களின் பெயரில் வைத்தார்கள். ஒவ்வொரு மரத்தின் அடியிலும் பெயர் எழுதிய ஒரு சிறிய சீமெந்துக் கல் இருக்கும். காய்க்கிற பருப்பை விற்று வரும் வருமானம் அநாதைப் பிள்ளைகளின் மதரஸா அடுப்புக்குப் போகும். மரம் நிற்கும்வரை அதன் நன்மை மௌத்தானவருக்குப் போய்க்கொண்டிருக்கும் என்பது நம்முடைய நம்பிக்கை. அந்தத் தோட்டத்தில் தண்ணீர் விடுகிற வேலை என்னுடையது. மற்றத் தோட்டக்காரர்கள் மரங்களை வரிசை சொல்லி அடையாளம் காட்டுவார்கள். நாங்கள் "ஆயிஷாட மரத்துல எறும்பு", "மாஸ்டர்ட மரம் பூத்திட்டு" என்று பெயர் சொல்லித்தான் கதைத்தோம்.

மரங்கள் வளர்ந்து நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த காலத்தில், கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கிற மாதங்களில் கிணற்று நீர் வருடத்துக்கு வருடம் கீழே போனது. அப்போதுதான் மிஸ் வந்தார். விவசாயப் போதனாசிரியர். தம்பிலுவில் பக்கத்துப் பிள்ளை. வெயிலில் ஸ்கூட்டியில் வந்து இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்ற முதலே பேசத் தொடங்கிவிடுவார். பேசாத எனக்கும் பேசி முடியாத அவருக்கும் நன்றாக ஒத்துப்போனது. இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் தந்தது. பெயர் எழுதினால் அவருக்குப் பிடிக்காது, எழுதவில்லை.

கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "காக்கா, இந்த மணலுக்குள்ள நல்ல தண்ணி இருக்கிறது பாலுக்கு மேல ஆடை நிக்கிற மாதிரி. ஆடைக்குக் கீழ முழுக்கக் கடல். கரண்டியால மெல்ல அள்ளினா ஆடை வரும். அவசரப்பட்டா என்ன வரும்?"

"உப்பு" என்றேன்.

"பாத்தீங்களா, வாய் திறந்தா ஒழுங்காத்தான் கதைக்கிறீங்க."

அவருடைய முறை இதுதான். பூ விட்டதிலிருந்து கொட்டை முற்றும்வரை மரத்துக்குக் குறை வைக்கக் கூடாது. அறுவடை முடிந்த பிறகு, வேர் உயிரோடு இருக்க வேண்டிய அளவுக்கு மட்டும் தண்ணீர். மரம் கொஞ்சம் பட்டினி கிடக்கும், சாகாது. எது பட்டினி, எது சாவு என்று எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன்.

"உச்சி வெயில்ல மரத்தப் பாக்கப்படாது. அந்நேரம் நானும் வாடித்தான் நிக்கிறன், நீங்களும் வாடித்தான் நிக்கிறீங்க. சுபஹு தொழுதிட்டு நேர இஞ்ச வாங்க. விடியவும் இலை தொங்கிக்கொண்டு நிண்டா மட்டும் தண்ணி குடுங்க. நிமிந்து நிண்டா, வீட்ட போய்த் தேத்தண்ணி குடியுங்க."

இன்றைக்கும் இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. உங்கள் கையில் கருவி இருந்தாலும் விடியற்காலையில் ஒரு முறை போய் மரத்தைப் பாருங்கள்.

ஆனால் மரத்துச் சொந்தக்காரர்கள் விடியற்காலையில் வருவதில்லை. ஜும்ஆ முடிந்து, வெயில் நெருப்பாக எரியும்போது வருவார்கள். அந்நேரம் இலைகள் தொங்கி நிற்கும். முதல் வெள்ளிக்கிழமையே ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். மகனுடைய மரத்தின் இலையைத் தடவிக் காட்டி, "மனே, என்ட புள்ள தண்ணி குடிச்சி மௌத்தானவன். இப்ப அவன்ட மரத்தத் தண்ணி குடுக்காமக் கொல்லப் போறியா?" என்றார்.

மிஸ் சொல்லித் தந்த பதில் எனக்குத் தெரியும். அந்தத் தாய்க்கு முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நாளைக்கு விடிய வாங்க உம்மா, காட்டுறன்" என்றேன். அவர் மறுநாள் வந்தார். இலை நிமிர்ந்து நின்றது. அதைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் வெள்ளிக்கிழமை வரவே இல்லை, விடியற்காலையில்தான் வந்தார். அப்படி ஒவ்வொரு ஆளாகக் காட்டினேன். வாயால் விளங்கப்படுத்த முடியாதவனுக்கு அது ஒரு வழி. பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கிணறும் அந்த வருடம் தாங்கியது.

அடுத்த வருடம் நௌசாத் கட்டாரிலிருந்து வந்தார். அவருடைய மனைவி பரீதாவைக் கடல் கொண்டுபோனது. அடக்கம் செய்ய மையத்துக் கிடைக்கவே இல்லை. மற்றவர்களுக்கு மையவாடியில் ஒரு மண்மேடாவது இருந்தது, அவருக்கு அதுவும் இல்லை. கடல் பக்கத்து வரிசையில் நின்ற மரம்தான் அவருக்குக் கபுறு. விடுமுறையில் வந்தால் வீட்டுக்குப் போக முதல் தோட்டத்துக்குத்தான் வருவார். மரத்துக்குச் சலாம் சொல்லி, துஆ ஓதிவிட்டு, அதன் கீழே கொஞ்ச நேரம் இருப்பார்.

அந்த முறை அவர் வந்தது நல்ல வெயிலில். மரத்தைப் பார்த்தவர் என்னைப் பார்த்தார்.

"இது என்ன காக்கா?"

"விடிய நிமிர்ந்திடும் தம்பி."

"நான் விடிய வரல்ல. இப்ப வந்திரிக்கன். இப்ப அவள் இப்பிடித்தான் இரிக்காள்."

அவர் நேரே மரைக்காரிடம் போனார். பள்ளிவாசல் சார்பில் தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் மரைக்கார். பரீதாவின் பெயரில் ஒரு குழாய்க் கிணறும் மோட்டரும் தோட்டத்துக்குத் தருவதாக நௌசாத் சொன்னார். எந்த மரமும் இனிமேல் வாடக் கூடாது, அதுதான் அவர் மனதில் வைத்த நிய்யத்து.

மரைக்காரின் வீட்டுக்கே போய் மிஸ் சொன்னார். நானும் கூடப் போய் வாசலில் நின்றேன். இந்த மணலில் ஆழமாகக் குழாய் இறக்கினால் கடல்தான் ஏறும் என்று மிஸ் படம் கீறிக் காட்டினார். மரைக்கார் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மகள், நீங்க சொல்லுறது சரியா இரிக்கும். ஆனா கிணறு தாறன் எண்டு வந்தவனுக்கு வேணாமெண்டு சொன்ன பள்ளி இந்தக் கரையில எங்கயும் இரிக்கா? நான் எந்த வாயால சொல்லுற?"

நம்முடைய ஊர்களில் மௌத்தானவர்களுக்காகச் செய்யும் தர்மங்களில் தண்ணீருக்கு மேலே ஒன்றுமில்லை. சம்மாந்துறையிலிருந்து பொத்துவில் வரை எத்தனையோ கிணறுகளில் பெயர்க் கல்லைப் பார்த்திருப்பீர்கள். வேறு ஊர்களில் தண்ணீர் கெட்டால் பேராசையைக் காரணம் சொல்வார்கள். எங்களுக்கு அது நன்மையின் வழியாக வந்தது. அப்படி வரும்போது அதைத் தடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

கிணறு திறந்த அன்று சர்பத் கரைத்தார்கள், துஆ ஓதினார்கள். மோட்டர் போட்டதும் கை மொத்தத்துக்குத் தண்ணீர் பாய்ந்தது. ஆட்கள் கையேந்திக் குடித்தார்கள். நானும் குடித்தேன், இளநீர் போல இருந்தது. மரைக்கார் சிரித்துக்கொண்டு, "எங்க மகள் உங்கட கடல்?" என்று மிஸ்ஸைப் பகிடி பண்ணினார்.

மிஸ்ஸும் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார்: "முதல் நாள் எல்லாம் இனிப்புத்தான் காக்கா. நீங்க ஒவ்வொரு நாளும் வாயில வச்சுப் பாருங்க."

நௌசாத் சொன்னபடி எல்லா மரத்துக்கும் தண்ணீர் பாய்ந்தது. இலையெல்லாம் பச்சையாக நிமிர்ந்து நின்றது. வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் அவருக்காக அழுது துஆ கேட்டார்கள். நான் ஒவ்வொரு காலையும் ஒரு சிரட்டையில் தண்ணீர் பிடித்து வாயில் வைத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள், குடித்து முடித்த பிறகு நாக்கின் ஓரத்தில் எதுவோ நின்றது. மிஸ்ஸின் கருவியும் அதையே சொன்னது. இரண்டு பேருமாக மரைக்காரிடம் சொன்னோம். நௌசாத் திரும்பிப் போகும் மட்டும் பொறுக்கச் சொன்னார். போகிறவனை நெஞ்சு நொந்து அனுப்பக் கூடாது என்றார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். வேலையில் அவர் எனக்கு மேலே. சொல்ல வேண்டியவரிடம் சொல்லியாயிற்று, இனி என் பொறுப்பில்லை என்று நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும். ஆனால் கடல் பக்கத்து மரங்களின் இலை நுனி தீய்ந்த கடதாசி போலச் சிவக்கத் தொடங்கியிருந்தது. அது தண்ணீர் இல்லாத வாட்டம் இல்லை. விடியற்காலையிலும் அந்த நுனி சிவப்பாகவே இருந்தது.

நௌசாத்திடம் நேரே சொல்ல எனக்குத் துணிவில்லை. மனைவி பெயரில் அவர் தந்த கிணறு மனைவியின் மரத்தைக் கொல்கிறது என்று ஒருவனுடைய முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? குழாய்க் கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் கொண்டுபோய் என் பெண்சாதியிடம் கொடுத்து, இதில் தேத்தண்ணி போடச் சொன்னேன். நௌசாத்தை வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

ஒரு வாய் குடித்தார். கோப்பையைப் பார்த்தார். குசினிப் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"ராத்தா! சீனி எண்டு உப்பப் போட்டுட்டீங்க போல."

என் பெண்சாதி கதவடியில் நின்று, "சீனிதான் தம்பி போட்ட" என்றாள்.

"அப்ப?"

நான் போத்தலை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தேன். அதில் மணல் கொஞ்சம் அடியில் கிடந்தது. அவர் அதைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். அவருடைய முகம் மாறியதை எழுத எனக்குத் தெரியவில்லை.

"எப்ப தொடக்கம்?"

"கொஞ்ச நாள்."

"மரைக்காருக்குத் தெரியுமா?"

"ஓம்."

"எனக்குத்தான் கடைசியாத் தெரியுமா காக்கா?"

தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு எழும்பினார். ஏன் குடித்தார் என்று எனக்கு இன்றும் தெரியாது. நேரே தோட்டத்துக்குப் போய், மோட்டரை அவரே நிற்பாட்டினார். அந்த மோட்டர் அதற்குப் பிறகு ஓடவில்லை.

அது முடிவில்லை. பழைய கிணற்றில் மிஞ்சிய நல்ல தண்ணீர் எல்லா மரத்துக்கும் போதாது. மாரி மழைக்கு இன்னும் காலம் இருந்தது. மிஸ் மண்ணைப் பார்த்துவிட்டு, வீதிப் பக்கத்து வரிசைகள் பிழைக்கும் என்றார். கடல் பக்கத்து மண்ணில் உப்பு ஏறிவிட்டது. அங்கே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டால் உப்பும் போகாது, நல்ல தண்ணீரும் வீண். எல்லாருக்கும் சமமாகப் பங்கிட்டால் எல்லா மரமும் போகும்.

"இத நான் ஒராளா முடிவெடுக்கிறதில்ல" என்றார். அவர் குரல் அன்று மிகவும் தாழ்ந்திருந்தது. "நீங்க என்ன சொல்லுறீங்க?"

அந்த வரிசைகளில் நின்ற பெயர்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். மௌத்தான என்னுடைய சொந்தத் தம்பியின் மரம் வீதிப் பக்கம் நின்றது. அதை நினைத்துத்தான் சொல்கிறேன் என்று ஊர் சொல்லும் என்பதும் தெரியும். இருந்தாலும் சரியானது ஒன்றுதான் இருந்தது. கடல் பக்கத்துக் குழாயை மூடுவோம் என்றேன். மூடினது என் கைதான்.

இந்த முறை விடியற்காலையில் கூட்டிக்கொண்டுபோய்க் காட்ட ஒன்றும் இல்லை. வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். மகனுடைய மரம் என்று சொன்னேனே, அந்தத் தாயின் மரமும் கடல் பக்கம்தான். அவர் மட்டும் என்னை உள்ளே கூப்பிட்டு, குடிக்கத் தண்ணீர் தந்தார்.

நௌசாத் வீட்டுக்கு நான் போக முதல் அவரே வந்தார்.

"தோட்டத்துத் தண்ணி வேணாம் காக்கா. நான் வீட்டுல இருந்து ஒரு கேன் கொண்டந்து ஊத்துறன். அதுக்கு விடுவீங்களா?"

பயனில்லை என்று எனக்குத் தெரியும். பயனில்லை என்று சொல்வதுதான் முறைப்படி சரி. ஆனால் அவருடைய தண்ணீரால் யாருடைய மரத்துக்கும் குறை வரவில்லை. "ஊத்துங்க தம்பி" என்றேன். மிஸ் அதைப் பார்த்தார், தடுக்கவில்லை. முறை என்பது தண்ணீரைக் காப்பாற்றத்தான். ஒரு ஆள் தன் கேனோடு வந்து நிற்கும்போது அதைக் காட்டித் தடுப்பதற்கு இல்லை. இதை எந்த வகுப்பிலும் சொல்லித் தர மாட்டார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

அவர் லீவை நீட்டிக்கொண்டு ஒவ்வொரு நாளும் ஊற்றினார். மரம் மேலிருந்து கீழாகக் காய்ந்தது. கடைசியில் அடிமரத்தில் நகத்தால் கீறினால்கூடப் பச்சை இல்லை. அன்று நௌசாத் கேட்டார்:

"மரம் மௌத்தானா, அவளுக்குப் போற நன்மையும் நிக்குமா காக்கா?"

"நான் தண்ணி விடுற ஆள் தம்பி. எனக்குத் தெரியா."

மௌலவியிடம் கேட்கலாம் என்று சொன்னேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அடிமரத்தில் கை வைத்துக்கொண்டு, "வெட்டுங்க. விறகு மதரஸா அடுப்புக்குப் போகட்டும். அந்தப் புள்ளைகள் ஒரு நேரம் சோறு திண்டாலும் அவளுக்குத்தானே" என்றார். மற்ற வரிசைக்காரரும் அதைக் கேட்டு அப்படியே செய்தார்கள். நான் வெட்டினேன், லாண்ட்மாஸ்டர் வண்டியில் ஏற்றினேன். பெயர்க் கற்களை மட்டும் யாரும் கிளப்பச் சொல்லவில்லை. அவை இன்னும் மணலில் வரிசையாக நிற்கின்றன.

வீதிப் பக்கத்து மரங்கள் பிழைத்தன. அடுத்த பருவத்தில் நன்றாகவே காய்த்தன. முறை வென்றது என்று யாராவது உங்களிடம் சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் கடல் பக்கத்து வரிசைக்காரர் சிலர் பள்ளிவாசலில் என் சலாத்துக்குப் பதில் சொல்கிறார்கள். அது கடமை. கை தருவதில்லை. நானும் கை நீட்டுவதில்லை. இந்த வேலையில் சரியாக நடந்துகொண்டாலும் அது வரும். வரும்போது நாம் பிழை செய்துவிட்டோமோ என்று குழம்பாதீர்கள். அவர்கள் மேலும் கோபப்படாதீர்கள்.

மிஸ் மாற்றலாகிப் போய்விட்டார். நௌசாத் மழைக்கு முதலே கட்டாருக்குத் திரும்பினார். அந்த வருடம் மழை பிந்தித்தான் வந்தது. நான் தோட்டத்தில் நிற்கும்போது பிடித்துக்கொண்டது. ஓலைக் கொட்டிலுக்குள் ஓடினேன். அப்போது போன் அடித்தது. யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

"காக்கா, அங்க மழையா?"

"ஓம் தம்பி. நல்ல மழை."

"எங்கட பக்கமும் பெய்யுதா?"

"எல்லாப் பக்கமும்தான்."

மழை இரைச்சலில் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"கொஞ்சம் அங்க போய் போனைப் பிடிங்க காக்கா."

நான் கொட்டிலை விட்டு இறங்கினேன். கடல் பக்கத்து வரிசையில், பரீதாவின் கல்லுக்குப் பக்கத்தில் குனிந்து, போனை மணலுக்குக் கிட்டே பிடித்தேன். என் முதுகு அப்போதே வருத்தம்தான். அவர் போதும் என்று சொல்லும் மட்டும் நிமிரவில்லை.

எழுதி முடித்தது: 2025 செப்டெம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை.